மூடிய கதவுக்கு முன்னும் பின்னும்

வளர்ப்பு நாய்க்கு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியவுடன், எந்தக் குடும்பத்திலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "பிழைத்துக்கொள்ளுமா?" என்பது முதலாவது. "எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது. முதல் கேள்வியை அனைவரும் உரக்கக் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்கக் கூசுகிறோம். உயிருக்கு விலை பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி எங்களைப் போன்ற வங்கி அலுவலர்களின் மேசைக்கு வந்தே தீரும். வைப்புத்தொகை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் வாடிக்கையாளர்களை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் நடுவே இருப்பதுதான் காத்திருப்பு. அறுவைக் கூடத்தின் கதவு மூடப்பட்டதும் நம் கவலை உச்சத்தை அடைகிறது. எனினும், நம்மால் எதுவுமே செய்ய இயலாத நேரமும் அதுவே. நம் கவனத்தால் உண்மையான பயன் விளையும் நேரங்கள் வேறு இரண்டு உள்ளன. ஒன்று, கதவு மூடுவதற்கு முந்தைய சில மணி நேரம். மற்றொன்று, கதவு திறந்த பிறகு வரும் சில நாட்கள். கவலையை அந்த இரு பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்க முடிந்தால், அது வெறும் கவலையாக நில்லாமல் பாதுகாப்பாக மாறும்.

ஒரு மாங்கொட்டையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் பணியாற்றியபோது, மாட்டுங்காப் பகுதியில் வசித்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளராக இருந்தார். கிளையில் தமிழ் பேசுவோர் அனைவரும் அவரை 'டீச்சர்' என்றே அழைப்போம். தெருவில் பிறந்து அவருடைய வீட்டில் வளர்ந்த மோத்தி என்னும் எட்டு வயது நாய்தான் அவருக்கு வீட்டுத் துணை.

மும்பையில் மே மாதம் என்றால் ஆப்பூஸ் மாம்பழத்தின் மாதம். குப்பைக் கூடையிலிருந்து ஒரு மாங்கொட்டையை மோத்தி எடுத்து விழுங்கிவிட்டது. இரண்டு நாட்களாகச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தது. பின்னர் தண்ணீரும் தங்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியாத அடைப்பு, ஸ்கேன் பரிசோதனையில் சிறுகுடலில் இருப்பதாகத் தெரிந்தது. அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

மாங்கொட்டை நாய்களின் உடலில் செரிக்காது. இரைப்பையில் இருக்கும் வரையில், மருத்துவரின் மேற்பார்வையில் வாந்தி எடுக்கச் செய்தோ, உள்நோக்குக் கருவியின் உதவியாலோ அதை வெளியேற்ற வாய்ப்புண்டு. சிறுகுடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால், குடலைத் திறப்பதைத் தவிர வேறு வழி அரிது. நேரம் செல்லச் செல்ல, அடைபட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து குடலின் அப்பகுதியே அழுகத் தொடங்கும். அப்போது அழுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு இரு முனைகளையும் இணைத்துத் தைக்க வேண்டியிருக்கும்.

நண்பகலில் டீச்சர் கிளைக்கு வந்து, தம்முடைய நிரந்தர வைப்பை முடித்துத் தருமாறு கேட்டார். கவுண்டரில் இருந்த இளைஞர் வியப்புடன், "நாய்க்கா டீச்சர்?" என்றார். "ஆமாம் தம்பி, நாய்க்குத்தான்" என்று அவர் அமைதியாகப் பதிலளித்தார். வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

கதவு மூடுவதற்கு முன்

வைப்பை முடிக்க வேண்டியதில்லை, அதன் பேரிலேயே கடன் பெறலாம் என்று விளக்கி, அதற்கான தாள்களைத் தயார் செய்தோம். அந்த இடைவெளியில் டீச்சர் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை வரிசை எண்ணிட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பலருக்கும் நான் சொல்லிவரும் கேள்விகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து கற்றவையே.

முதலாவது, அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் என்ன நேரும்? ஒரு நாள் காத்திருக்க இயலுமா, இயலாதா? இதற்கான விடை தெரிந்துவிட்டால், 'அவசரப்பட்டுவிட்டோமோ' என்ற பிற்காலக் குழப்பம் எழாது.

இரண்டாவது, மயக்கநிலையில் இருக்கும்போது நாயைத் தொடர்ந்து கவனிப்பவர் யார்? அறுவை செய்பவரின் கண்கள் காயத்தின் மீது இருக்கும். இதயத் துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பது நல்லது.

மூன்றாவது, அன்றிரவு நாய் எங்கே இருக்கும்? மருத்துவமனையில் என்றால், இரவில் பணியாளர் விழித்திருப்பாரா? வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால், நள்ளிரவில் அழைக்க வேண்டிய எண் எது?

நான்காவது, குடலைத் திறந்த பின் எதிர்பார்த்ததைவிட மோசமான நிலை தென்பட்டால் என்ன செய்வது? மயக்கநிலையில் நாய் மேசைமீது கிடக்கும்போது தொலைபேசியில் முடிவு கேட்பார்கள். அந்த முடிவைப் பதற்றமில்லாத நேரத்தில் யோசித்து வைத்திருப்பது மருத்துவருக்கும் உதவி, நமக்கும் உதவி.

ஐந்தாவது, செலவு. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரு தொகைகளையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, உள்நோயாளிக் கட்டணம், மருந்துகள், மறுபரிசோதனை ஆகியன அதில் அடங்குமா என்றும் கேட்கவேண்டும். இது மருத்துவரை நம்பாததன் அடையாளம் அன்று. மனிதர்களுக்கான மருத்துவமனைகளில் நாம் இயல்பாகக் கேட்கும் கேள்விதான் இது.

இவற்றோடு நாம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவையும் உண்டு. கடைசியாக எப்போது, என்ன உண்டது, என்னென்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன, முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை ஏற்பட்டதா என்பவற்றை மறைக்காமல் கூறவேண்டும். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை என்றால், எத்தனை மணி நேரம் உணவை நிறுத்தவேண்டும் என்று மருத்துவர் சொல்வார். 'பாவம், பசிக்குமே' என்று இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுப்பதுகூட ஆபத்து. மயக்கநிலையில் வாந்தி நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். பக், புல்டாக் போன்ற குட்டை மூக்கு இனங்களுக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவற்றுக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவை.

காத்திருக்கும் நேரம்

மாலை ஆறு மணிக்கு மோத்தியை உள்ளே கொண்டுசென்றார்கள். அலுவலகம் முடிந்து நானும் அங்கே போயிருந்தேன். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று, கதவு திறக்கவில்லை. "ஒரு மணி நேர வேலை என்றுதானே சொன்னார்கள்?" என்று நான் கேட்டேன். டீச்சர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தித் திரவம் ஏற்றுதல், மயக்க மருந்து, மூச்சுக்குழாயில் குழல் செலுத்துதல், வயிற்றில் முடி மழித்துச் சுத்தம் செய்தல், அறுவை, தையல், மயக்கம் தெளிதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தார். அறுவை ஒரு மணி நேரம்தான் என்றாலும், மொத்தம் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நேரம் நீள்வது மட்டுமே தீய அறிகுறி ஆகாது என்பதை அன்று அறிந்தேன்.

மயக்க மருந்தைப் பற்றிய அச்சம் பலருக்கும் உண்டு. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை, 98,036 நாய்களுக்கு அளிக்கப்பட்ட மயக்க மருந்தின் விளைவுகளை ஆராய்ந்தார்கள். அவற்றுள் மயக்க மருந்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தவை 163, அதாவது 0.17 சதவீதம். உடல்நலத்துடன் இருந்த நாய்களுக்கு அந்த ஆபத்து 0.05 சதவீதம். ஏற்கெனவே கடும் நோயுற்ற நாய்களுக்கோ 1.33 சதவீதம். நம் நாட்டுச் சூழல் வேறு என்பதால் இவ்வெண்களை அப்படியே இங்கே பொருத்த வேண்டியதில்லை. ஆயினும் அவை உணர்த்தும் செய்தி பொதுவானது. நலமான நாய்க்கு ஆபத்து மிகக் குறைவு. நோய் முற்றியபின் அது பன்மடங்கு கூடுகிறது. ஆகவே தள்ளிப்போடாமல் சிகிச்சைக்குச் செல்வதே பெரிய பாதுகாப்பு.

அதே ஆய்வில் மற்றொரு தகவலும் உண்டு. இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, அறுவை மேசையில் இறக்கவில்லை. அறுவை முடிந்த பிறகே இறந்தன. அவற்றுள் கணிசமானவை முதல் மூன்று மணி நேரத்திற்குள் இறந்தவை. கதவு திறந்து, "முடிந்தது" என்று மருத்துவர் சொல்லும்போது நாம் பெருமூச்சு விடுகிறோம். கண்காணிப்பு தளரக் கூடாத நேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கதவு திறந்த பின்

ஒன்பதேகால் மணிக்கு மோத்தியைக் காட்டினார்கள். மயக்கம் தெளியும் நிலையில் அது நடுங்கியது, முனகியது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இவை மயக்கம் தெளியும்போது பொதுவாகக் காணப்படுபவை. எப்போதும் வலியின் அடையாளம் அல்ல என்று மருத்துவர் விளக்கினார். மூச்சுக்குழாயில் குழல் இருந்ததால் ஓரிரு நாட்கள் இலேசான இருமலும் வரலாம். மறுநாள் முழுவதும் தூங்கி வழியலாம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஈறுகளின் இளஞ்சிவப்பு நிறம் மங்கி வெளுத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, வயிறு உப்பித் தொட்டால் வலித்தல், ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தல், தையலில் வீக்கமோ கசிவோ காணப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனையை அழைக்கவேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிகளுக்குள் பழைய நிறத்திற்குத் திரும்ப வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்; நம்மைவிடச் சூடாக இருப்பதைக் கண்டு காய்ச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பமானியால் அளந்து பார்ப்பதே முறை.

வீட்டில் உள்ள வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நமக்குப் பழக்கமான இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் போன்றவை நாயின் இரைப்பை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைக் கெடுக்கக்கூடும். கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு வடிவப் பட்டையை, 'பாவம், இரவில் மட்டுமாவது' என்று கழற்றிவிடவும் கூடாது. சில நிமிடங்கள் போதும், நாய் தையலைக் கடித்துப் பிரித்துவிடும். பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிப்பார்கள். அதுவரை குளியல், குதித்தல், படிக்கட்டு ஏறுதல் எதுவும் வேண்டாம்.

குடல் அறுவையில் குறிப்பாக ஓர் எச்சரிக்கை உண்டு. தையலிட்ட இடம் பிரிந்து கசியும் ஆபத்து, மூன்று முதல் ஐந்தாம் நாள் வரையில்தான் மிகுதி. நாய் தேறிவருகிறது என்று வீட்டார் நிம்மதி அடைந்திருக்கும் நேரம் அது. டீச்சரின் குறிப்பேட்டில் இந்த மூன்று நாட்களைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது.

நான்காம் நாள் மாலை மோத்தி தன் உணவை முகர்ந்துவிட்டு விலகிச் சென்றது. ஒரு முறை வாந்தி எடுத்தது. "வெயில்தான் காரணம், காலையில் பார்க்கலாம்" என்று அண்டை வீட்டார் கூறினர். டீச்சர் காத்திருக்கவில்லை, ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தார். வயிற்றுக்குள் கசிவு தொடங்கியிருந்தது. அன்றிரவே இரண்டாவது அறுவை நடந்தது. காலைவரை விட்டிருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இத்தகைய கசிவுக்குப் பின் பல நாய்கள் பிழைப்பதில்லை. மோத்தி பிழைத்தது. இளைத்து, விலா எலும்புகள் தெரிய, ஜூன் மாத மழையில் அது மீண்டும் கிளை வாசல்வரை டீச்சருடன் நடந்து வந்தது.

பணத்தைப் பற்றி நேராகப் பேசுவோம்

இரண்டாவது அறுவையின் செலவு யாரும் எதிர்பாராதது. அதைத் தாங்கியது, அன்று முடிக்காமல் விட்ட வைப்புத்தொகையே. இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம்.

ரூ. 2,00,000 நிரந்தர வைப்பு, மூன்றாண்டுத் தவணை, 7 சதவீத வட்டி என்று கொள்வோம். இரண்டாண்டு கடந்த நிலையில் அதை முடித்தால், இரண்டாண்டுக்குரிய வட்டிவீதம் 6.5 சதவீதமாக இருந்து, அதில் ஒரு சதவீதம் குறைக்கப்பட்டால், கிடைப்பது 5.5 சதவீதமே. எளிய வட்டிக் கணக்கில் இழப்பு ரூ. 6,000. மாறாக, அதே வைப்பின் பேரில் ரூ. 40,000 மட்டும் 9 சதவீத வட்டியில் கடன் பெற்று மூன்று மாதங்களில் அடைத்தால், வட்டி ரூ. 900. வைப்பும் தொடர்கிறது, மேலும் தேவைப்பட்டால் எஞ்சிய வரம்பும் கைவசம் இருக்கிறது. வட்டிவீதங்களும் விதிகளும் வங்கிக்கு வங்கி மாறுபடும் என்பதால், உங்கள் கிளையில் இரு கணக்குகளையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வருமான வரிச் சலுகைக்கான ஐந்தாண்டு வைப்பின் பேரில் கடன் பெற இயலாது. இடையில் முடிக்கவும் இயலாது.

வருமான வரிச் சட்டத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கும் மருத்துவச் செலவுக்கும் உள்ள சலுகை, குடும்பத்தினருக்கும் பெற்றோருக்கும் உரியது. வளர்ப்பு விலங்குகளின் மருத்துவச் செலவுக்கோ காப்பீட்டுக் கட்டணத்துக்கோ அதில் இடமில்லை. நாய்களுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் நம் நாட்டில் உண்டு. அறுவைச் செலவை ஏற்குமா, இறப்புக்கு மட்டும்தான் இழப்பீடா, வயது வரம்பு என்ன, எத்தனை நாட்களுக்குப் பிறகு காப்பீடு நடைமுறைக்கு வரும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொருந்துமா என்பவற்றைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுவது நல்லது.

காப்பீடு இல்லாதவர்களுக்கு எளிய வழி, தொடர் வைப்பு. மாதம் ரூ. 500 வீதம் இரண்டாண்டுகள் செலுத்தினால், வட்டி நீங்கலாகவே ரூ. 12,000 சேரும். குட்டி வீட்டுக்கு வந்த மாதத்திலேயே தொடங்கினால் சுமை தெரியாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளையும் நினைவில் கொள்ளலாம். மும்பை பரேலில் 1886 முதலும், சென்னை வேப்பேரியில் 1903 முதலும் இயங்கிவரும் கல்லூரிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே பெரும்பாலும் கட்டணம் குறைவு, வல்லுநர்களும் உண்டு.

இறுதியாக, கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் குடும்பங்களாலும் எல்லாச் செலவையும் ஏற்க இயலாது. 'இவ்வளவு வரை எங்களால் முடியும்' என்று ஒரு வரம்பை வகுத்துக்கொள்வது அன்புக் குறைவு ஆகாது. அந்த வரம்பை மருத்துவரிடம் முதலிலேயே மனம் திறந்து சொன்னால், அதற்குள் செய்யத்தக்க சிறந்த சிகிச்சை எது என்று அவர் வழிகாட்ட இயலும். முதியதும் நோய் முற்றியதுமான நாய்க்கு, அறுவையைத் தவிர்த்து வலியைக் குறைப்பதே சில வேளைகளில் சரியான முடிவாக இருக்கும்.

இன்று மாலையே செய்யக்கூடியவை சில உண்டு. அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவில் இயங்கும் மருத்துவமனையின் எண்ணையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். தடுப்பூசி அட்டையை வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மாங்கொட்டை, சோளத்தண்டு, சமைத்த எலும்பு ஆகியவை விழும் குப்பைக் கூடைக்கு இறுக மூடும் மூடி ஒன்று வாங்குங்கள். நாய்க்காக நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும்.